பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

பத்திரிகைக்காரர்கள் என்னிடம் போய் வேலை அனுபவம் கேட்கிறார்கள் என்றால் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பெருவிரலில் மை தடவித்தான் எல்லாம். நான் வாயால் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நான் "வுட்டுட்டான்" என்றால் அவள் "விட்டுவிட்டான்" என்று எழுதுகிறாள். "பேசுற மாதிரியே எழுதேண்டி" என்றேன். "படிக்கிறவங்க சிரிப்பாங்க அத்தை" என்கிறாள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டுமே. சரி, அவள் எழுதுகிறபடியே இருக்கட்டும்.

மரக்காணம் கடைத்தெருவில் புதிதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வந்திருக்கிறது. அங்கே வேலை செய்யும் திவ்யா எங்கள் தெருப் பெண். போன வாரம் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். "ஆயா, நீ அந்தப் பழைய ஸ்டுடியோவுல ரொம்ப வருஷம் இருந்தியாமே? அங்க இன்னா வேல பாத்த?"

"மூஞ்சி பாக்குற வேல" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு அவளுடைய கம்ப்யூட்டரில் ஒரு வேடிக்கை காட்டினாள். யாரோ ஒரு அம்மாவின் படம், மழைத் தண்ணீரில் ஊறிப் பாதி முகம் போயிருந்தது. எதையோ அழுத்தினாள். போன பாதி வந்துவிட்டது! பல், உதடு, தாடை எல்லாம். "நெத்தியும் கண்ணும் இருந்தாப் போதும் ஆயா. மீதிய அதுவே போட்டுக்கும்" என்றாள். முதலில் கைதட்டினேன். அப்புறம் எனக்கு எல்லம்மாவின் பிள்ளை ஞாபகம் வந்தது. கையைக் கீழே போட்டுவிட்டேன். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

நான் கன்னியம்மா. கல்யாணம் ஆனதும் உப்பளத்தில் வேலை. பாத்தியில் உப்பு வாருவது, தலையில் சுமந்து கரையில் கொட்டுவது. வெயிலில் அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசிப்போகும், காலில் புண் ஆறவே ஆறாது. அதைப் பற்றி இவ்வளவு போதும். இடுப்பு விட்டுப்போன பிறகு அந்தப் பழைய ஸ்டுடியோவில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்தேன்.

அங்கே எனக்குப் பெருக்குவதோடு வேலை முடியாது. படம் எடுக்க வருகிறவர்களுக்குச் சீப்பு, பவுடர் எடுத்துக் கொடுக்க வேண்டும். குழந்தை உட்காராது என்றால் பின்னால் துணியைப் போர்த்திக்கொண்டு நான் தூக்கிப் பிடிக்க வேண்டும். இந்தச் சுற்று வட்டாரத்தில் எத்தனையோ பிள்ளைகளின் முதல் படத்தில் நான் துணிக்குப் பின்னால் இருக்கிறேன், தெரியுமா? பின்னால் தொங்கும் திரைகளை மாற்றுவதும் நான்தான். ஒன்றில் பூந்தோட்டம், ஒன்றில் மாடிப்படி, ஒன்றில் கடலும் தென்னைமரமும். கடலைப் பார்த்துக்கொண்டே பிறந்து வளர்ந்த ஜனங்கள் இங்கே வந்து காசு கொடுத்து வரைந்த கடலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அது சிரிப்பாக வரும்.

முதலாளி பிலிம் காலத்து மனுஷர். படத்தில் முகத்தில் தழும்பு இருந்தால் மெல்லிய பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு எடுத்துவிடுவார். அவ்வளவு பொறுமையான கை. வாய்க்கு மட்டும் பொறுமை கிடையாது. "ஏம்பா, தலைய தூக்கு! கீழ இன்னா காசா வுழுந்து கெடக்குது?" என்று கத்துவார். உப்புக் காற்றில் எல்லாம் துருப்பிடிக்கிற ஊரில் அவர் கத்திரிக்கோல் கூடப் பளபளவென்று இருக்கும். தினமும் எண்ணெய் போட்டுத் துடைப்பார். கருவி என்றால் அவருக்கு உயிர் உள்ளது மாதிரி. ஆயுதபூஜை வந்துவிட்டால் ஒரு சட்டம் உண்டு. பொட்டு வைக்கிற நேரத்தில் ஒரு கருவியும் ஓடக் கூடாது. வைத்த பிறகு மறுநாள் விஜயதசமி வரைக்கும் எதையும் தொடக் கூடாது. "வருஷம் பூரா நமக்கு ஒழைக்குது. ஒரு நாளு நிம்மதியா தூங்கட்டும்" என்பார்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு அதை அவர் மகன் சேகர் பார்த்துக்கொண்டான். திண்டிவனம் போய்ப் படித்துவிட்டு வந்தவன். காலையில் கடை திறந்ததும் பட்டனை அமுக்கி வைப்பது என் வேலை. அமுக்கினால் உள்ளே விசிறி சுற்றும், "கிக்" என்று ஒரு சத்தம் வரும், திரையில் புள்ளிகள் வட்டமாக ஓடும், அப்புறம் ஒரு குழந்தை படம் சிரித்துக்கொண்டு வரும். அந்தக் குழந்தையைத் துணிக்குப் பின்னால் தூக்கிப் பிடித்திருந்ததும் நான்தான்.

ஒரு நாள் அனுமந்தையிலிருந்து மணி என்று ஒரு பையன் வந்தான். மீன்பிடி அட்டைக்குப் படம் வேண்டுமாம். கல்யாணம் ஆகாதவன், நல்ல உயரம். சட்டைக் காலர் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. நான் விரலை விட்டு எடுத்துவிட்டேன். அவனுக்குக் கழுத்தில் கூச்சம் போலிருக்கிறது. நெளிந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"இது இன்னா கல்யாண போட்டோவா? வாய மூடு!" என்று முதலாளி கத்தினார்.

மணி உதட்டை அழுத்தி மூடிக்கொண்டான். என்னை ஒரு பார்வை பார்த்தான். பளிச்சென்று லைட் அடித்தது. அவ்வளவுதான். படங்களை வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டு போனான்.

ஐப்பசி பிறக்கும் முன்னாலேயே அந்த வருஷம் கடல் கெட்டுவிட்டது. மணி போன போட் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்தி வந்துவிட்டார்கள். இவன் வரவில்லை. உடம்பும் ஒதுங்கவில்லை. கட்டுமரக்காரர்கள் வடக்கே தெற்கே தேடிவிட்டு வந்தார்கள்.

ஆயுதபூஜை அன்று நாங்கள் பொரி, சுண்டல் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது அவன் அம்மா எல்லம்மா வந்து வாசலில் நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எம் புள்ள இங்கதான் படம் எடுத்தானாம். அத பெருசா போட்டு குடுங்க" என்றாள்.

வீட்டில் வேறு படமே இல்லையாம். அப்போதெல்லாம் எல்லார் கையிலும் படம் பிடிக்கிற போன் கிடையாது. இருந்த பழைய படங்கள் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது போய்விட்டன. இங்கே எடுத்ததை அவன் பர்ஸோடு கடலுக்குக் கொண்டுபோய்விட்டான். "ஆதார் கார்டுல இருக்குமேம்மா" என்று முதலாளி கேட்டார்.

"அதுல இருக்கறது எம் புள்ளயா? கருப்பா ஒரு நெழலு. எவன வேணா காட்டி அதான் இவன்னு சொல்லலாம்" என்றாள். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னாள். "ஊர்ல காரியம் பண்ணு, காரியம் பண்ணுன்னு சொல்றாங்க. ஒடம்பு இல்ல, படத்த வச்சு பண்ணணுமாம். எனக்கு அதுக்கு வேணாம். அவன் மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும். பாத்துட்டுதான் அவன் இருக்கானா இல்லியான்னு சொல்லுவேன்."

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். கம்ப்யூட்டருக்கு அப்போதுதான் சந்தனம் வைத்திருந்தார். "இன்னிக்குக் கருவிய தொடக் கூடாதும்மா. நாளைக்குக் காலைல மொத வேலயா உனுக்குத்தான்" என்றார். சாவு வீட்டுக்காரிக்குப் பூஜைப் பொரி கொடுக்கலாமா என்று எனக்குத் தயக்கம். அவளே கையை நீட்டினாள். "குடுங்க. எங்க வூட்ல ஒண்ணும் சாவு இல்ல" என்றாள்.

இப்போது அன்று காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று சேகர் ரொம்ப நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தான். உள்ளே இரண்டு பாகமாகப் பிரித்து வைத்திருப்பார்களாம். ஒன்றில் கம்ப்யூட்டர் நடக்கத் தேவையான சமாச்சாரம், இன்னொன்றில் போட்டோக்கள். முதல் பாகம் நிரம்பிவிட்டது. பூஜைக்குக் கடையைச் சுத்தம் செய்கிறோமே, இதையும் சுத்தம் செய்துவிடலாம் என்று இரண்டாவது பாகத்தைக் கொஞ்சம் தள்ளி முதல் பாகத்தைப் பெரிதாக்கும் வேலையை ஆரம்பித்துவிட்டான். பூஜைக்குள் முடிந்துவிடும் என்று நினைத்துப் பூசணிக்காய் வாங்கப் போனான். திரை இருட்டாக இருந்தது. முதலாளி பொட்டு வைக்க வந்தவர் குனிந்து பார்த்தார். பெட்டியில் ஒரு சின்ன விளக்கு மட்டும் மினுக்மினுக்கென்று எரிந்தது. "பாரு, அணைக்காமயே போயிட்டான்" என்று பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்தார். விசிறி நின்றது. அப்புறம் ரொம்ப மரியாதையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

சேகர் பூசணிக்காயோடு வந்து பார்த்தான். பொட்டைப் பார்த்தான், விளக்கு இல்லாததைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். "நைனா" என்று ஆரம்பித்தான். முதலாளி கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். அவன் வாயை மூடிக்கொண்டான். எல்லம்மா வந்து கேட்டபோதும் அவன் பூந்தோட்டத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அன்று முழுக்க யாரும் அதைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் தேங்காய் உடைத்துவிட்டு நான்தான் பட்டனை அமுக்கினேன். விசிறி சுற்றியது. "கிக்" என்றது. கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி எழுத்து. அதற்குக் கீழே ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மினுக்கியது. குழந்தை வரவில்லை. எல்லம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? ஓடிப்போய்க் கடல் வரைந்த திரையைச் சுருட்டி மேலே கட்டிவிட்டேன்.

இடையஞ்சாவடியிலிருந்து ராபர்ட் என்று ஒரு ஆள் வந்தார். கம்ப்யூட்டர் சரிசெய்கிறவர். பேச்சு கம்மி. வந்ததும் எதையும் தொடவில்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "இன்னா பண்ணீங்க? மொதல்லருந்து ஒண்ணு வுடாம சொல்லுங்க" என்று கேட்டார். சேகர் சொன்னான். முதலாளி, "நான்தான் அணைச்சேன்" என்றார். ராபர்ட் பொட்டைப் பார்த்தார். "பூஜையெல்லாம் நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றார். திட்டியிருந்தால்கூட முதலாளிக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

"இனிமே இத யாரும் ஆன் பண்ணக் கூடாது. உள்ள இருக்கற டிஸ்க்குல ஒரு எழுத்துகூட புதுசா எழுதக் கூடாது" என்றார். பெட்டியைத் திறந்தார். உள்ளே உப்பு பூத்துப் பச்சையாக இருந்த இடங்களைப் பிரஷ்ஷால் தட்டினார். டிஸ்க்கைக் கழற்றித் தான் கொண்டுவந்த இன்னொரு டிஸ்க்கில் அப்படியே நகல் எடுக்க வைத்தார். அதற்கே பொழுது போய்விட்டது. நான் டீ கொண்டுபோய்க் கொடுத்து, "இன்னாதான் ஆச்சு தம்பி அதுக்கு?" என்று கேட்டேன்.

"நீங்க அளத்துல வேல செஞ்சிருக்கீங்களா?"

"பின்ன?"

"ரெண்டு பாத்தி பக்கத்துல பக்கத்துல இருக்குது. நடுவுல வரப்பு. வரப்ப தள்ளிப் போடணும்னா இன்னா பண்ணுவீங்க?"

"ரெண்டாவது பாத்தில இருக்கற உப்ப மொதல்ல அந்தாண்ட வாரிப் போடணும்."

"அப்பிடித்தான் அது போட்டோவ வாரிக்கினு இருந்துது. பாதி வாரும்போது ஆள அடிச்சுத் தொரத்திட்டாங்க. இப்ப பாதி புது எடத்துல, பாதி பழைய எடத்துல. எது எங்கன்னு சொல்றதுக்கு ஆளு இல்ல."

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்.

அடுத்த நாள் நகல் டிஸ்க்கைப் பெட்டியில் மாட்டினார். பென் டிரைவைச் செருகி, அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினார். விழித்ததும் முதலில் எங்கே போய்ப் பார்ப்பது என்று அதற்கு ஒரு இடம் சொல்லி வைத்திருப்பார்களாம். வரப்பு நகர்ந்ததில் அந்த இடம் தவறிவிட்டது. அதைச் சரிசெய்து பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுத் திரும்ப ஆன் பண்ணினார். புள்ளிகள் வட்டமாக ஓடின. ஓடி ஓடி நின்று, திரை இருண்டு, திரும்ப முதலிலிருந்து ஓடின. இப்படியே சாயங்காலம் வரை. ராபர்ட் அலுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் எதையோ மாற்றுவார், அணைப்பார், மூச்சு விடுகிற நேரம் பொறுப்பார், ஆன் பண்ணுவார். கடைசியில் குழந்தை சிரித்துக்கொண்டு வந்துவிட்டது!

நான் கத்தியே விட்டேன். சேகர் கைதட்டினான். எல்லம்மா பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, "இதா? இது யாரு கொழந்த?" என்று கேட்டாள்.

ராபர்ட் மட்டும் சிரிக்கவில்லை. "கதவுதான் தொறந்திருக்குது. வூட்டுக்குள்ள இன்னா இருக்குதுன்னு இனிமேதான் பாக்கணும்" என்றார். போட்டோ இருக்கிற பாகத்தைத் தட்டினார். ஒரு கேள்வி வந்து நின்றது.

"இன்னா கேக்குது?" என்றார் முதலாளி.

"ஒண்ணும் புரியல, எல்லாத்தையும் அழிச்சுட்டு புதுசா ஆரம்பிக்கட்டுமான்னு கேக்குது."

"அது கேக்குதுன்னா நம்ம நல்லதுக்குத்தான் கேக்கும். சரின்னு சொல்லிடு."

ராபர்ட் சட்டென்று மவுஸ் என்கிற அந்த எலியின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். "சாமி, நீங்க கொஞ்சம் வெளிய காத்தாட நில்லுங்க" என்றார். எல்லம்மாகூடச் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான்.

அப்புறம் வேறொரு வேலையை ஓட விட்டார். டிஸ்க் முழுக்கத் தடவித் தடவிப் படம் மாதிரி தெரிவதையெல்லாம் பொறுக்கி எடுக்கும். பேர் ஒன்றும் இருக்காது. தேதி இருக்காது. எல்லாம் கலந்து குவியலாக வந்து விழுந்தது. சேகர் தலையில் கை வைத்துக்கொண்டான். "பேரு இல்லாம எப்பிடி தேடுறது? ஒண்ணு ஒண்ணா மூஞ்சி பாக்கணும்" என்றான்.

எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு குஷி. கம்ப்யூட்டரில் எழுத்தே இல்லாத வேலை எனக்கு முதல்முதலாகக் கிடைத்தது. சேகர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் எல்லம்மா. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ஓடிக்கொண்டே இருந்தது. "இது கூனிமேட்டுப் பொண்ணு, இப்போ ரெண்டு புள்ள" என்பேன். "இவுரு போயிட்டாரு" என்பான் சேகர். பாதிப் படங்கள் நன்றாக இருக்கும். பாதி வெறும் கோடு கோடாக இருக்கும். ஒரு மாப்பிள்ளையின் உடம்புக்கு மேல் வேறு யாரோ வீட்டுப் பந்தல் ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லம்மா தினமும் வந்தாள். அவள் கொழுந்தன் ஒரு நாள் வந்து, "நாளு தள்ளிக்கினே போவுது அண்ணி. ஊர்ல பேசுறாங்க" என்று கூப்பிட்டான். "பேசட்டும்" என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவனை நான்தான் முதலில் பார்த்தேன். முடியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "நிறுத்து சேகரு, நிறுத்து!" என்றேன். படம் பெரிதாகத் திறந்தது. முடி, நெற்றி, புருவம். கண். என்னைப் பார்த்தானே, அந்தக் கண், அடக்கிய சிரிப்போடு. மூக்கு பாதி வரை. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. ஒரே சாம்பல் நிறம், மட்டமாகக் கோடு போட்டது மாதிரி.

ராபர்ட்டுக்கு ஆள் அனுப்பினோம். அவர் வந்து இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தார். "கீழ் பாதி இருந்த எடத்துல வேற போட்டோ வந்து வுழுந்துட்டுது. அது மேலயே எழுதியாச்சு. இனிமே எந்த ஊருக்கு எடுத்துனு போனாலும் வராது" என்றார். கூலி வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார்.

முதலாளி எல்லம்மாவின் எதிரில் வந்து நின்றார். அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. "உனுக்கு ரெண்டாவது புள்ள இருக்கான் இல்ல? அவன கூட்டினு வாம்மா. அவன் வாய், தாடைய எடுத்து, நான் என் கையால வரைஞ்சு சேத்துத் தர்றேன். ஒட்டு தெரியாது. முப்பது வருஷமா செஞ்ச வேல."

எல்லம்மா திரையைத் தொட்டாள். அந்தச் சாம்பல் கோட்டை விரலால் தடவினாள். "வேணாம். மூக்கு வரைக்குந்தான் தண்ணி. கண்ணு மேலதான் இருக்குது பாருங்க" என்றாள்.

அந்தப் பாதியைத்தான் பெரிதாகப் போட்டு வாங்கிக்கொண்டு போனாள். மாலை போடவில்லை. பொட்டு வைக்கவில்லை. காரியமும் செய்யவில்லை. கொழுந்தன் பேச்சை விட்டான். ஊரும் கொஞ்ச நாளில் பேச்சை விட்டது. அவள் மட்டும் விடியற்காலையில் போட் வருகிற நேரத்துக்குக் கரைக்குப் போய் நின்றுகொண்டிருந்தாள். இன்னமும் நிற்கிறாள்.

முதலாளி அதற்கப்புறம் எந்த ஆயுதபூஜைக்கும் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கவில்லை. பிரஷ்ஷையும் எடுக்கவில்லை. ஒரு நாள் கத்திரிக்கோலில் துரு பார்த்தேன். அவர் போன பிறகு சேகர் கடையை மூடிவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டான். என் வேலையும் அதோடு முடிந்தது.

திவ்யா காட்டிய வேடிக்கையைப் பார்த்த மறுநாளே நான் அனுமந்தைக்கு பஸ் ஏறினேன். மாதத்துக்கு ஒரு தடவையாவது எல்லம்மாவைப் பார்க்கப் போவது வழக்கம்தான். அவளுக்கும் தலை முழுக்க நரைத்துவிட்டது. சொன்னேன், இப்படி ஒரு மெஷின் வந்திருக்கிறது, மீதி முகத்தை அதுவே போட்டுவிடும், திவ்யா காசுகூட வேண்டாம் என்கிறாள் என்று.

கேட்டுக்கொண்டே படத்தை முந்தானையால் துடைத்தாள். "யக்கா, கண்ணு சிரிக்குது இல்ல. வாய் இன்னா பண்ணினு இருந்துது?" என்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும் கேட்பதுதான்.

"மூடித்தான் இருந்துது. சிரிப்ப உள்ள அடக்கினு இருந்தான். நான் கழுத்துல கை வச்சேன் இல்ல, அந்தக் கூச்சம்." ஒவ்வொரு தடவையும் நான் சொல்வதுதான்.

"அந்த மெஷினுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"அது ஏதோ ஒரு வாய போட்டுடும். அப்பறம் எனுக்கு அதுதான் ஞாபகம் இருக்கும். நீ சொல்றது மறந்துடும். வேணாம் யக்கா. நீ வந்து சொல்லினு இரு, போதும்." பிறகு கேட்டாள். "காலரு எந்தப் பக்கம் மடிஞ்சிருந்துது?"

"இடது பக்கம்" என்றேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் கையைத் தூக்கி அவன் கழுத்துப் பக்கம் கொண்டுபோவது மாதிரிச் செய்து பார்த்தேன். இந்தக் கையா, அந்தக் கையா? எதிர் சீட்டில் இருந்த பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். மணி இப்படி நின்றான், நான் இப்படி நின்றேன், முதலாளி அங்கே. திரும்பத் திரும்ப வைத்துப் பார்க்கிறேன். கை இரண்டு பக்கமும் போகிறது. போன தடவை எல்லம்மாவிடம் எந்தப் பக்கம் சொன்னேன் என்று என் மருமகளைக் கேட்டேன். அவளுக்கு எப்படித் தெரியும்?